ரோசாப்பூ துரை



காந்தி, பாரதியார், அன்னை தெரசா பற்றியெல்லாம் இந்தச் சுவரில் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் நம்ம மதுரையில் வாழ்ந்த ஒரு வக்கீலைப் பற்றி எழுதுகிறேன். யானைக்கல் பக்கம் பஸ்ஸில் போகும்போது அவர் சிலையைப் பார்த்திருப்பீங்க. யாருன்னு கேட்டால்தான் முழிப்போம். அவர் பெயர் ஜார்ஜ் ஜோசப்.

அவர் நம்ம ஊர்க்காரரே இல்லை. 1887-ல் கேரளாவில் செங்கன்னூரில் பிறந்தார். கிறிஸ்தவர். எடின்பரோவில் தத்துவம் படித்தார், லண்டனில் சட்டம் படித்தார். 1909-ல் திரும்பி வந்து, கொஞ்ச நாளில் மதுரையில் வக்கீல் தொழில் தொடங்கினார். அந்தப் படிப்புக்குச் சொகுசாக இருந்திருக்கலாம். ஆனால் அவரிடம் வந்து சேர்ந்தது கைரேகைச் சட்டம்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லணும். வெள்ளைக்காரர்கள் 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். 1911-ல் அதை சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். நம்ம மதுரைச் சீமையில் அது பிரமலைக் கள்ளர் மக்கள் மேல் வந்து விழுந்தது. ஒருத்தர் திருடினாரா இல்லையா என்று யாரும் பார்க்கவில்லை. அந்தச் சாதியில் பிறந்தாலே போதும், கைரேகை வைக்கணும். ராத்திரியானால் ஆம்பளைங்க வீட்டில் படுக்கக் கூடாது, போலீஸ் சொன்ன இடத்தில் போய்ப் படுக்கணும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்கணும். எங்க அப்பத்தாவோட அப்பாவும் அப்படிப் படுத்து எழுந்தவர்தானாம். கல்யாணம் ஆன அன்னைக்கு ராத்திரிகூட மாப்பிள்ளை போய்த்தான் ஆகணும் என்று அப்பத்தா சொல்லும். சொல்லும்போது சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வராது.

ஜார்ஜ் ஜோசப் இந்தச் சட்டத்தை எதிர்த்துப் பத்திரிகையில் எழுதினார். கோர்ட்டில் அந்த மக்களுக்காக வழக்கு நடத்தினார். ஒரு ஜனத்தையே பிறப்பிலேயே குற்றவாளி என்று எழுதி வைப்பது அநியாயம் என்பதுதான் அவர் வாதம். அதிகாரத்தில் இருந்தவர்கள் காதில் வாங்கவில்லை.

அப்புறம் நடந்ததுதான் பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டிப் பக்கம் அந்தக் கிராமத்து மக்கள் கைரேகை வைக்க மாட்டோம் என்று மறுத்தார்கள். போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள். அதில் மாயக்காள் என்று ஒரு பெண். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் என்று சொல்கிறார்கள். பிடிபட்டவர்களைச் சங்கிலியில் கட்டித் திருமங்கலம் வரை நடத்தியே கொண்டு போனார்களாம். ஜாலியன் வாலாபாக் நடந்து ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. அது புத்தகத்தில் இருக்கு, நமக்கு மனப்பாடம். இது நம்ம ஊர் பஸ் போகிற தூரத்தில் இருக்கு, பாதிப் பேருக்குத் தெரியாது. பிடிபட்டவர்களுக்காக வாதாட வந்தவர் ஜார்ஜ் ஜோசப்தான்.

இதை இனப்படுகொலை என்று சொல்லலாமா என்று டீச்சரிடம் கேட்டேன். ஒரு இனத்தையே அழிக்கணும் என்ற நோக்கத்தோடு செய்தால்தான் அந்தப் பெயர், இதைப் படுகொலை என்று சொல்லு என்றார்கள். அந்த வார்த்தையையே உண்டாக்கியவரும் ஒரு வக்கீல்தானாம், போலந்து நாட்டு யூதர் ரபேல் லெம்கின். 1944-ல் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லை உண்டாக்கி, நாடு நாடாகத் தலைவர்களைப் பிடித்துக் கேட்டுக் கேட்டு, 1948 டிசம்பர் 9-ல் ஐ.நா. சபையில் அதைத் தடுக்க ஒரு ஒப்பந்தம் வரவைத்தார். ஹிட்லர் ஆட்சியிலும் கொல்வதற்கு முன்னால் சட்டம்தான் வந்தது, யூதராகப் பிறந்தவர்களைத் தனியாகப் பிரித்து எழுதினார்கள். அதனால்தான் துப்பாக்கி வருவதற்கு முன்பே, சட்டத்தைப் பார்த்த உடனே எதிர்த்தாரே நம்ம மதுரை வக்கீல், அதை நான் பெரிசாக நினைக்கிறேன்.

அவருடைய மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாளில் இடம் இல்லை! ஹார்வி மில் தொழிலாளர்கள் சங்கம் அமைக்க உதவினார். இந்தியாவுக்குத் தன்னாட்சி கேட்டு இங்கிலாந்தில் பேசக் கப்பலேறிப் போனவரை ஜிப்ரால்டரிலேயே மறித்தார்கள். நல்ல வருமானம் வந்த வக்கீல் தொழிலை விட்டுவிட்டு அலகாபாத்துக்குப் பத்திரிகை ஆசிரியராகப் போனார், எழுதியதற்காக ஜெயிலுக்கும் போனார். 1923-ல் காந்தியின் யங் இந்தியாவை நடத்தினார். 1924-ல் வைக்கத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் கோயில் தெருவில் நடக்கப் போராடிக் கைதானார். அதை இந்துக்களே நடத்தட்டும், நீங்கள் ஒதுங்கியிருங்கள் என்ற கருத்தைக் காந்தி சொன்னது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். 1933-ல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் காமராஜரை மாட்டிவிட்டபோது வரதராஜுலு நாயுடுவோடு சேர்ந்து வாதாடி மீட்டவரும் இவரே. நாம் மத்தியானம் சாப்பிட உட்காரும்போது இவரையும் நினைக்கலாம்.

ரோசாப்பூ துரை என்று ஏன் பெயர் வந்தது? கோட்டில் ரோஜாப்பூ குத்தியிருப்பார் என்கிறார்கள் சிலர். ஜோசப் என்று வாயில் நுழையாமல் ரோசாப்பு ஆகிவிட்டது என்கிறார்கள் சிலர். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கு. நம்ம பக்கத்தில் பிள்ளைகளுக்கே ரோசாப்பூ என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

இதை நான் எழுதக் காரணம் இருக்கு. போன மாதம் கபடி விளையாட்டில் சண்டை வந்தபோது ஒருத்தர் இன்னொருத்தரைப் பார்த்துக் குற்றப் பரம்பரை என்று திட்டினார். யார் என்று எழுத மாட்டேன். திட்டு வாங்கியவருக்கும் அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, சும்மா தலையைக் குனிந்தார். அது வெள்ளைக்காரன் காகிதத்தில் எழுதிய வார்த்தை. சென்னை மாகாணத்தில் 1947-லேயே, நாடு முழுக்க 1952-ல் அதை எடுத்தாச்சு. முத்துராமலிங்கத் தேவர் போன்றவர்கள் பல வருஷம் அதற்காகப் போராடினார்கள்.

ஆனால் ஜார்ஜ் ஜோசப் அதைப் பார்க்கவில்லை. 1937-ல் டெல்லி மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அடுத்த வருஷமே, 1938 மார்ச் 5-ஆம் தேதி மதுரையில் இறந்துபோனார். வயது 50. அவர் கல்லறையும் மதுரையில்தான் இருக்கு. அவர் நினைவு நாளில் கிராமங்களிலிருந்து ஆட்கள் போய் மாலை போட்டுவிட்டு வருகிறார்கள்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி