கோயிலிலிருந்து கொட்டகைக்கு: இசையரசு தண்டபாணி தேசிகர்

கடலூரில் திருப்பாதிரிப்புலியூரை ஒட்டிக் கரையேறவிட்டகுப்பம் என்றோர் ஊர் உண்டு. கல்லோடு பிணித்துக் கடலில் எறியப்பட்ட நாவுக்கரசர், அக்கல்லே தெப்பமாக மிதந்து வந்து கரையேறிய இடம் இதுவென்பது வழிவழி வந்த செய்தி. விருத்தாசலத்துக்கு அருகிலுள்ள இராசேந்திரப்பட்டினத்தின் பழம்பெயர் திருஎருக்கத்தம்புலியூர். அது திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊர். தில்லைக் கோயிலின் பூட்டிய அறையில் செல்லரித்துக் கிடந்த தேவார ஏடுகள் இராசராசன் காலத்தில் வெளிக்கொணரப்பட்டபோது, மறைந்துபோன பண்முறையை மீட்டுத் தந்தவள் அப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் என்று திருமுறைகண்ட புராணம் கூறும். பழைய தென்னார்க்காட்டு மண்ணில் வாழ்வோர் எச்சமயத்தாராயினும் இச்செய்திகளைத் தம் ஊர்க்கதையாகவே அறிவர். தமிழ்த்துறையினராகிய நமக்கோ இவை இசைத்தமிழின் வரலாறு.

அவ்வரலாற்றில் இருபதாம் நூற்றாண்டுக்குரிய ஒரு பெயரை இம்மலரில் நினைவுகூர விழைகின்றோம். தேவாரம் ஓதும் குடியிற் பிறந்து, பேசும் படத்தில் நடித்துப் பாடி, கச்சேரி மேடையில் அவமதிப்பைச் சந்தித்து, இறுதியில் சிதம்பரத்தில் இசைப் பேராசானாக அமர்ந்தவர் எம். எம். தண்டபாணி தேசிகர்.

தேசிகர் 1908ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் நாள் திருமருகலுக்கு அருகிலுள்ள திருச்செங்காட்டாங்குடியில் பிறந்தார். சிறுத்தொண்டர் வாழ்ந்ததும் சம்பந்தர் பாடியதுமாகிய பதி அது. தந்தையார் முத்தையா தேசிகரே முதலாசிரியர். பின்னர்க் கும்பகோணம் இராஜமாணிக்கம் பிள்ளையிடம் குருகுல முறையில் தங்கி இசை பயின்றார். பிள்ளையவர்கள் வயலினில் பெரும்புகழ் பெற்றவர். தேவார ஓதுமுறை ஒரு கை, கருநாடக இசையிலக்கணம் மற்றொரு கை என்று இரு கைகளாலும் இசையைப் பற்றிக்கொள்ளும் பேறு தேசிகருக்கு இளமையிலேயே வாய்த்தது. இவ்விரண்டும் ஒருவரிடத்தே சேர்வது அந்நாளில் அரிது.

ஓதுவார் என்பவர் யார், அவர்தம் பணி யாது என்று இக்கால மாணவர் கேட்கக்கூடும். கோயிலில் வழிபாடு நிகழும் காலங்களில் திருமுறையைப் பண்ணோடு பாடுவது அவர்தம் கடமை. நட்டபாடை இன்று கம்பீரநாட்டையாகவும், தக்கேசி காம்போதியாகவும், மேகராகக்குறிஞ்சி நீலாம்பரியாகவும் பாடப்படுகின்றன. இவ்வாறு பழம்பண்ணும் இன்றைய இராகமும் தொடர்பறாமல் நிற்பதற்கு ஓதுவார்தம் நாவே காரணம். ஆயினும் கோயிற் படித்தரம் கொண்டு அவர்தம் குடும்பம் செழித்தது என்று எவரும் சொல்லார். கச்சேரி உலகிலோ தேவாரம் நிகழ்ச்சியின் கடைசியில், கேட்போர் எழுந்து மேல்துண்டைத் தோளில் போடும் வேளையில் வரும் துக்கடாக்களுள் ஒன்றாக இருந்தது. குரலும் புலமையும் உடைய ஓர் இளைஞர் அந்நிலையில் எங்குச் செல்வார்?

பேசும் படம் அவரை அழைத்தது. தமிழில் பேசும் படம் தோன்றி ஐந்தாண்டுகளே ஆகியிருந்த காலம். பின்னணிப் பாடல் முறை நிலைபெறாத நாள்களாதலால் நடிப்பவரே பாடவேண்டும். கேமராவின் முன் நின்று, ஒலிவாங்கி எட்டும் அளவில் வாய்திறந்து, நடிப்பும் பாட்டும் ஒருங்கே தரவேண்டும். மண்டபமெங்கும் கேட்கும்படி ஒலிவாங்கியின்றிப் பாடிப் பழகிய ஓதுவார் குரலுக்கு அதனினும் பொருத்தமான தொழில் அமைந்திருக்க முடியாது. 1936இல் பட்டினத்தார் வெளிவந்தது. தேசிகரே பட்டினத்தார். தொடர்ந்து வல்லாள மகாராஜா 1937இலும், தாயுமானவர் 1938இலும், மாணிக்கவாசகர் 1939இலும் வந்தன. நான்காண்டுகளில் தமிழகத்துக் கொட்டகைகளில் மணலில் அமர்ந்து படம் பார்த்த எளிய மக்கள் அருளாளர் பாடல்களை அவர் குரலிற் கேட்டனர். இசைத்தட்டுகள் அக்குரலைத் தேநீர்க் கடைக்கும் திருமண வீட்டுக்கும் கொண்டு சென்றன. பத்தங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிட அளவே பாட இயலும். நீட்டி விரித்துப் பாடும் விருத்தத்தை அவ்வெல்லைக்குள் சுருக்கியும் அதன் உயிர் குறையாமற் காத்தது தேசிகர்தம் திறமெனலாம்.

இங்கே கடல்கடந்த ஓர் எடுத்துக்காட்டை ஒப்பிட்டு நோக்குவது பயனுடைத்து. அமெரிக்க நாட்டுக் கறுப்பினக் கிறித்தவர்தம் தேவாலயப் பாடல் மரபில் வளர்ந்தவர் சாம் குக். 1931இல் மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தார். பத்தொன்பது வயதில் சோல் ஸ்டிரர்ஸ் என்னும் பெயர்பெற்ற நற்செய்திப் பாடற் குழுவின் முதன்மைப் பாடகராயினார். பாப் இசைக்குச் செல்ல விழைந்தபோது தேவாலயத்து அன்பர்கள் சினப்பார்கள் என்றஞ்சி, தம் முதற் காதற்பாட்டை டேல் குக் என்ற மாற்றுப்பெயரில் வெளியிட்டார். குரலை மறைக்கப் பெயரால் முடியுமா? கேட்டவுடன் அனைவரும் கண்டுகொண்டனர். 1957இல் யூ செண்ட் மீ என்ற பாட்டு நாட்டிலேயே முதலிடம் பெற்றது. 1964இல், முப்பத்துமூன்றாம் வயதில், அவர் வாழ்வு முடிந்தது. குக் இறைவனைப் பாடிய குரலால் காதலியைப் பாடவேண்டியிருந்தது. பாட்டின் பொருளை மாற்றினாலன்றி அந்தச் சந்தையில் அவருக்கு இடமில்லை. நம் தேசிகருக்கோ அந்நெருக்கடி நேரவில்லை. தமிழ்ச் சினிமா அடியார் கதைகளை நாடி நின்ற காலத்தில் அவர் அதனுட் புகுந்தமையால், கோயிலிற் பாடிய அதே பாடலை, அதே நீறணிந்த கோலத்தில், தம் பெயராலேயே கொட்டகையிற் பாடினார். அவருக்குத் தடை வேறோரிடத்தில் காத்திருந்தது. அதனைக் கூறுமுன் நந்தனாரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

திருநாளைப்போவார் வரலாற்றைச் சேக்கிழார் சுருக்கமாகப் பாடினார். அதில் ஆண்டையாகிய வேதியர் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இயற்றியபோது, விடை கேட்டு இரங்கி நிற்கும் பண்ணையாளையும் விடைதர மறுக்கும் வேதியரையும் படைத்தார். கதை அதனால் கண்ணீரும் நெருப்பும் உடையதாயிற்று. (பாரதியார், பஞ்சகாலத்தில் ஏழைகளுக்கு உணவிட்ட கிறித்தவராகிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையைப் புகழ்ந்தும் ஒரு கீர்த்தனை பாடியவர். இசையுலகின் மனம் அக்காலத்தில் எத்துணை விரிந்திருந்தது என்பதற்கு இது சான்று.) 1935இல் கே. பி. சுந்தராம்பாள் ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்று ஆண்வேடத்தில் நந்தனாராக நடித்தார். படம் எதிர்பார்த்த வெற்றி பெறவில்லை. ஏழாண்டுகள் கழித்து, 1942இல், ஜெமினி நிறுவனத்தார் எஸ். எஸ். வாசன் அக்கதையை மீண்டும் எடுத்தார். இயக்கியவர் முருகதாசா. செருகளத்தூர் சாமா வேதியர், தேசிகர் நந்தனார்.

அவ்வாண்டின் பொருளை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். 1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டோரை அழைத்துச் சென்றிருந்தார். சென்னை மாகாணமெங்கும் கோயில் நுழைவைச் சட்டமாக்கியது 1947. இடைப்பட்ட காலத்தில், தில்லைக்குப் போகத் துடிக்கும் ஓர் உழவனின் ஏக்கத்தை ஓதுவார் குலத்துக் குரல் ஊர்தோறும் பாடியது. பாடல்களுள் பாரதியாரின் பழைய கீர்த்தனைகளோடு பாபநாசம் சிவனும் கொத்தமங்கலம் சுப்புவும் எழுதியனவும் இருந்தன. நெருப்பில் மூழ்கித் தூயவனாகித்தான் அடியவன் உள்ளே செல்லவேண்டும் என்னும் அக்கதையின் முடிவு எமக்கு உவப்பானதன்று. இன்று அதனைக் கடுமையாக வினவுவோர் பலர். அவர்தம் வினா நேர்மையானது. ஆயினும் தேசிகர் குரலிற் கேட்கும்போது நெருப்பைவிட அதற்கு முந்திய காத்திருப்பே நம் நெஞ்சில் நிற்கின்றது. வாசற்படியில் நிற்பவனின் துயரத்தை அக்குரல் அறிந்திருந்தது போலும்.

படத்தில் நடித்தது நான்கே ஆண்டுகளில் வாழ்விலும் நிகழ்ந்தது. 1941 ஆகஸ்டில் அண்ணாமலைநகரில் நடந்த தமிழிசை மாநாடு, தமிழ்நாட்டுக் கச்சேரிகளில் தமிழ்ப்பாடலுக்கு முதன்மை வேண்டும் என்று தீர்மானித்தது. பல்கலைக்கழகத்தை நிறுவிய அரசர் அண்ணாமலை செட்டியார் முன்னின்றார். ஆர். கே. சண்முகம் செட்டியார், கல்கி, டி. கே. சிதம்பரநாத முதலியார் முதலியோர் துணைநின்றனர். 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. மொழியை முன்னிறுத்தினால் இசையின் தரம் தாழும் என்று எதிர்த்தோரும் வலியர். அப்போரில் பேச்சாளர் பலர் இருந்தனர். மேடையிற் பாடிக்காட்ட வல்லவர் சிலருள் தேசிகர் ஒருவர். 1946இல் திருவையாற்றுத் தியாகராசர் ஆராதனையில் அவர் தமிழ்ப்பாடலைப் பாடினார். அவருக்குப்பின் பாடவேண்டிய முதுபெரும் வித்துவான் ஒருவர், தமிழ்பாடியதால் சந்நிதி தூய்மை கெட்டதென்று கூறிப் பாட மறுத்தார் என்பது தமிழிசை வரலாறு எழுதினோர் பலரும் குறித்த செய்தி. அந்நாளில் ஈரோட்டில் குடிஅரசு இதழிற் பணியாற்றிய இருபத்தொரு வயது இளைஞர் மு. கருணாநிதி, தீட்டாயிடுத்து என்ற தலைப்பிட்டு இதனைக் கண்டித்துக் கட்டுரை எழுதினார்.

நந்தனாராக நடித்தவரின் நாவிலிருந்து வந்த தமிழுக்கே தீட்டு என்ற சொல் வந்து பொருந்தியதை என்னென்பது! சினிமாவுக்குச் சென்றதற்காக அவரை எவரும் விலக்கியதாக நாம் அறியோம். தெய்வப்பாடலைக் கொட்டகையிற் பாடியது குற்றமாகவில்லை. சந்நிதியில், தாய்மொழியில், தெய்வத்தைப் பாடியதே குற்றமாயிற்று.

தேசிகர் சினந்து பேசியதினும் பாடி விடையிறுத்ததே மிகுதி. 1948இல் திருமழிசை ஆழ்வார் படத்தில் நடித்தார். சைவ ஓதுவார் வைணவ ஆழ்வாராகத் தோன்றியதில் அவருக்குத் தயக்கம் இல்லை. பாரதிதாசனின் துன்பம் நேர்கையில் என்னும் பாடலுக்கு வடநாட்டுத் தேஷ் இராகத்தில் அவர் அமைத்த மெட்டு, கடவுளைப் பாடாத புரட்சிக்கவிஞரின் சொல்லைத் திருமுறை பாடிய நா ஏற்றுக்கொண்டதன் அடையாளம். 1951இல் ஓர் இரவு என்னும் திரைப்படத்தின் வழியே அப்பாட்டு வீடுதோறும் சென்றது. இன்று பட்டிமன்றம் முதல் பாட்டுப்போட்டி வரை அதனைப் பாடாத மேடை இல்லை. மெட்டமைத்தவர் யாரென்று கேட்டால் மாணவருள் விடையிறுப்போர் சிலரே. இது எமக்கு வருத்தம் தருகின்றது.

1950களின் தொடக்கத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரை இசைத்துறைக்கு அழைத்துக்கொண்டது. டைகர் வரதாச்சாரியார் போன்ற மேதைகள் பயிற்றுவித்த இடம் அது. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் தேசிகர் அங்கே தலைமை ஏற்றுப் பணிபுரிந்தார். திரையில் தாம் நடித்த கதையின் ஊருக்கே ஆசிரியராக வந்து சேர்ந்தார் என்பது தற்செயலாயினும் இனிது. அதே சிதம்பரத்தில், நந்தனார் பெயராலேயே தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி நிறுவிய சுவாமி சகஜானந்தர் 1959 வரை வாழ்ந்திருந்தார். ஒருவர் நந்தனைப் பாடினார்; மற்றவர் நந்தன் வழிவந்தோர்க்கு எழுத்தறிவித்தார். இரண்டாமவர் பணியே அரிதினும் அரிது என்பது எம் கருத்து.

தமிழில் கீர்த்தனைகள் போதாவென்று கூறுவோர்க்கு விடையாகத் தேசிகர் தாமே பல கீர்த்தனைகளை இயற்றி இசையமைத்து, சுரக்குறிப்புடன் அச்சேற்றினார். அத்தொகுப்பின் பெயர் இசைத்தமிழ்ப் பாமாலை. மெட்டு வாய்மொழியாக மட்டும் இருந்தால் என்னவாகும் என்பதை, செல்லரித்த ஏடுகளின் கதை அறிந்த ஊரில் இருந்தவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழிசைச் சங்கம் அவருக்கு இசைப் பேரறிஞர் என்னும் பட்டம் அளித்தது. மக்கள் வழங்கிய இசையரசு என்னும் பெயரே நிலைத்தது.

பல்கலைக்கழகப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற சில ஆண்டுகளில், 1972 ஜூன் 26ஆம் நாள், அறுபத்துமூன்று வயதில் அவர் மறைந்தார். சிதம்பரத்தில் இரயில் பாதைக்குக் கிழக்கே பல்கலைக்கழகம், மேற்கே நடராசர் கோயில். அக்கோயிலின் சிற்றம்பல மேடைமீது நின்று தேவாரம் பாடுவது பற்றிய வழக்கு நெடுநாள் நடந்தது. 2008ஆம் ஆண்டில் அரசாணை பிறந்தபின், முதியவரான ஓதுவார் ஒருவர் காவலரின் துணையுடன் அம்மேடை ஏறித் தமிழ்ப் பதிகம் பாடினார். தேசிகர் மறைந்து அப்போது முப்பத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.