பிளாவட்ஸ்கி அம்மையாரும் பத்திரிகைகளும்

புதிதாய்த் தோன்றும் மதக் கூட்டமொன்றைப்பற்றி உலகத்தார் கொள்ளும் எண்ணம், அக்கூட்டத்தாரோடு பழகியறிந்து உண்டாவது அரிது; பெரும்பாலும் அச்செழுத்தின் வழியாகவே உண்டாகின்றது. அடையாற்றில் வாழ்ந்த ஹெலினா பிளாவட்ஸ்கி அம்மையாரின் சரித்திரத்தினும் இதற்குத் தக்க சான்று நாம் கண்டிலேம்.

அம்மையார் 1831-ம் ஆண்டில் ருஷ்ய ஏகாதிபத்தியத்தைச் சார்ந்த எகதெரினோஸ்லாவ் நகரில் உயர்குடியிற் பிறந்தவர். பல தேசங்களிற் சஞ்சரித்து 1873-ல் நியூயார்க்கை அடைந்தார். வெர்மாண்டுப் பண்ணை வீடொன்றில் ஆவிகள் தோன்றுவதாகக் கர்னல் ஆல்காட் பத்திரிகைக்கு எழுதிய செய்திகளைப் படித்தே, மறு ஆண்டில் அங்குச் சென்று அவரைக் கண்டார். 1875-ல் இவ்விருவரும் வேறு சிலரும் கூடிப் பிரம்மஞான சங்கத்தை நிறுவினர். ஆகவே அச்சங்கத்தின் பிறப்பிற்கே ஒரு பத்திரிகை காரணமாயிற்று.

1879-ல் இருவரும் பம்பாய் வந்திறங்கி, அவ்வாண்டு அக்டோபரில் தியாசபிஸ்ட் என்னும் மாதப் பத்திரிகையைத் தொடங்கினர். அலகாபாத்துப் பயனீயர் பத்திரிகையின் ஆசிரியர் சின்னெட் துரை அவர்களுக்கு நண்பரானார். இமயத்து மகாத்மாக்கள் எழுதியனவென்ற கடிதங்களைப்பற்றி அவர் 1881-ல் வெளியிட்ட நூல், அம்மையாரின் கீர்த்தியை லண்டன்வரை கொண்டு சென்றது. அந்நூலைப் படித்து வியந்தோருள் அம்மையாரை நேரிற் கண்டவர் எத்தனை பேர்?

1882-ம் ஆண்டின் இறுதியிற் சங்கம் அடையாற்றிற் குடியேறிற்று. அங்கு வீட்டு மேற்பார்வை பார்த்து வந்தவர் கூலோம் என்னும் தம்பதிகள். மனைவி, அம்மையாருக்குக் கெய்ரோவிலேயே பழக்கமானவர். 1884 மே மாதம், அம்மையாரும் கர்னலும் ஐரோப்பாவிலிருக்கையில், சங்கத்தார் இவர்களை வெளியேற்றினர். செப்டம்பரில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகை, அம்மையார் எழுதியனவென்று கூறிச் சில கடிதங்களைப் பிரசுரித்தது. அவற்றின்படி அற்புதங்களெல்லாம் முன்னேற்பாட்டுடன் செய்த கபடமே. சில நாட்களிற் செய்தி தந்தி வழியாக லண்டன் டைம்ஸில் ஏறிற்று.

டிசம்பரிற் சென்னை திரும்பிய அம்மையாரை இந்து மாணவர் திரண்டு வரவேற்றனர். அவர் வழக்குத் தொடுக்கவே துடித்தார். சங்கத்தாரோ, மகாத்மாக்களின் பெயர் நியாயஸ்தலத்தில் இழிவுபடுமென அஞ்சித் தடுத்தனர். இது பெரும்பிழையென்றே நாம் கருதுகின்றோம்; வழக்காடாமையை உலகம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே எண்ணிற்று. இதனினும் பெரும்பிழையொன்று முன்னரே நிகழ்ந்திருந்தது: மகாத்மாக்களின் கடிதங்கள் தோன்றியதாகச் சொல்லப்பட்ட பேழையை, ஆராய வருவோர் கண்ணிற் படுமுன்னரே, அடையாற்று அன்பர் சிலர் தாமே எரித்துவிட்டனர்!

லண்டன் ஆன்ம ஆராய்ச்சிச் சங்கம் அனுப்பிய ஹாட்ஜ்ஸன் துரை விசாரித்து, அம்மையாரை வஞ்சகரென்றும், ருஷ்யாவின் நலங்கருதியே இவற்றைச் செய்தவரென்றும் 1885-ல் முடிவு கட்டினார். நூறாண்டு கழித்து, 1986-ல், அவ்வாராய்ச்சிச் சங்கத்தின் சஞ்சிகையிலேயே, கையெழுத்தாய்வில் வல்லவரான வெர்னன் ஹாரிஸன் அவ்வறிக்கை நடுநிலையற்றதென எழுதினார். கூலோம் அம்மாள் கொடுத்த மூலக் கடிதங்களோ இன்று கிடைப்பதில்லை. அம்மையார் குற்றமற்றவரென்று நாம் சாதிக்க வரவில்லை. அவரைப் புகழ்ந்தோரும் இகழ்ந்தோரும் பெரும்பாலும் ஒரே வகையான சான்றைக் கொண்டே பேசினர் என்பதே நாம் கூறுவது.

1885 மார்ச்சில், நோயுற்ற நிலையில், அம்மையார் இந்தியாவை நீங்கினார், பின்னர் மீளவேயில்லை. இரகசியக் கோட்பாடு என்னும் பெருநூலை 1888-ல் வெளியிட்டார். அதற்கு மதிப்புரை எழுதுமாறு ஸ்டெட் என்னும் பத்திராதிபர் அன்னி பெஸன்ட் அம்மையாரிடம் கொடுத்தார். படித்தவர் ஆசிரியரைக் காணச் சென்றார். 1889-ல் அச்சங்கத்திற் சேர்ந்தார். 1907-ல் அதன் தலைவரானார். பத்திரிகையாற் சிதைந்த சங்கத்திற்குப் பத்திரிகையே தலைவரைத் தந்தது விந்தையன்றோ!

1890-ல் நியூயார்க் ஸன் பத்திரிகை அம்மையாரின் ஒழுக்கத்தையே பழித்து எழுதிற்று. இம்முறை யாரும் தடுக்கவில்லை. அவர் மானநஷ்ட வழக்குத் தொடுத்தார். அது தீருமுன்னரே, 1891 மே 8-ம் நாள், லண்டனிற் காலமானார். வழக்கும் அவரோடு மடிந்தது. 1892 செப்டம்பர் 26-ம் நாள் அப்பத்திரிகை, தான் எழுதியவற்றிற்குத் தக்க ஆதாரம் இல்லையென்று தானே ஒப்புக்கொண்டு அச்சிட்டது. அம்மையார் மறைந்து அப்பொழுது ஓராண்டும் நான்கு மாதங்களும் கடந்திருந்தன.