ஜிம் கார்பெட்டின் துப்பாக்கிகள்: தோட்டா உள்ளே நுழைந்தால் மட்டும் போதுமா?

ஆட்கொல்லிப் புலின்னு சொன்னதும் நினைவுக்கு வரும் பெயர் ஜிம் கார்பெட். 1875இல் நைனிதாலில் பிறந்தவர், 1955இல் கென்யாவில் மறைந்தவர். அவர் சுட்ட புலிகளைப் பற்றி நிறைய பேசியாச்சு. எதை வைத்துச் சுட்டார்? அதில்தான் ஒரு முக்கியமான பாடம் இருக்கு.

முதல் துப்பாக்கியே உடைந்தது

சிறுவன் கார்பெட்டுக்குக் கிடைத்தது, வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி. யாரோ அளவுக்கு மீறி வெடிமருந்து போட்டதில் வலது குழல் பிளந்திருந்தது. கட்டையையும் குழலையும் பித்தளைக் கம்பி சுற்றித்தான் சேர்த்திருந்தார்கள். மிச்சமிருந்த இடது குழலை வைத்தே காட்டைக் கற்றார்.

சம்பாவத், 1907

436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் சம்பாவத் பெண்புலியைத் தேடிப் போனபோது அவரிடம் இருந்தது .500 இரட்டைக்குழல் ரைஃபிள். கையில் 3 தோட்டாக்கள் மட்டுமே. மூன்றும் தீர்ந்தன. புலி காயத்தோடு நிற்கிறது. ஓடிப்போய் உடன் வந்த தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கினார். பார்த்தால், குழலுக்கும் பின்கட்டைக்கும் நடுவே கிட்டத்தட்ட 1 செ.மீ. இடைவெளி! சுட்டால் வெடிப்பு பின்பக்கம் பாய்ந்து கண்ணே போகலாம். வேறு வழியில்லாமல் சுட்டார். வாயைக் குறிபார்த்த குண்டு பாதத்தில் பட்டது. ஏற்கெனவே காயப்பட்டிருந்த புலி சரிந்தது.

‘மாடிஃபைடு கார்டைட்’னா என்ன?

அந்த .500 ரைஃபிளுக்கு அவர் பயன்படுத்திய தோட்டா வகை இது. பழைய எக்ஸ்பிரஸ் ரைஃபிள்கள் கருமருந்துக்காகச் செய்யப்பட்டவை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கார்டைட் வந்தது. புகை குறைவு, அழுத்தம் அதிகம். பழைய குழல்கள் தாங்கணுமே? அதனால் அளவு குறைத்த கார்டைட் தோட்டாக்களைத் தனியாகத் தயாரித்தார்கள். சிக்கல் என்னன்னா, முழு வீரியமுள்ள .500 நைட்ரோ தோட்டாவும் அதே அளவுக் கூட்டில் வரும். பழைய ரைஃபிளுக்குள் அழகாக நுழைந்துவிடும். சுட்டால் குழல் வெடிக்கலாம்.

ஒரே தோட்டா, இரண்டு பெயர்

புலியைக் கொன்றதற்குப் பரிசாக, ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் ஜான் ஹியூவெட் அவருக்கு ஒரு .275 ரிக்பி ரைஃபிளைத் தந்தார். கட்டையில் வெள்ளித் தகடு பதித்தது. இதன் தோட்டாவுக்கு இன்னொரு பெயர் 7×57 மவுசர். ஆக, பெயர் வேறானாலும் தோட்டா ஒன்றாக இருக்கலாம். அளவு ஒன்றானாலும் வீரியம் வேறாக இருக்கலாம்.

அப்போ எப்படித் தேர்ந்தெடுப்பது?

பழைய பிரிட்டிஷ் ரைஃபிள்களின் குழலில் சோதனை முத்திரைகள் இருக்கும். எந்த மருந்துக்கு, எந்த அளவுக்குச் சோதிக்கப்பட்டது என்பதை அவற்றிலிருந்து அறியலாம். பழைய ரைஃபிள் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக் குழலையும் தோட்டா அறையையும் அளந்து பார்க்காமல் சுடவே கூடாது. சந்தேகம் இருந்தால் அது சுவரில் மாட்டி ரசிக்க மட்டும்தான்.

கார்பெட் பிற்காலத்தில் கேமராவுக்கு மாறினார். 1936இல் உருவான தேசியப் பூங்கா இன்று அவர் பெயரில் இருக்கிறது. அந்த .275 ரைஃபிளை 2015இல் ரிக்பி நிறுவனமே திரும்ப வாங்கிக்கொண்டது.