ஓகுஸ்ட் மரியெட்

ஓகுஸ்ட் மரியெட் (பெப்ரவரி 11, 1821 – ஜனவரி 18, 1881) பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த எகிப்தியவியல் அறிஞர் ஆவார். எகிப்திய அரசின் தொல்பொருள் துறைக்கு முதல் தலைவராக இருந்தவர். இன்றைய எகிப்திய அருங்காட்சியகத்தின் முன்னோடியான பூலாக் அருங்காட்சியகத்தை நிறுவியவரும் இவரே.

இளமை

மரியெட் பிரான்சின் வட கடற்கரையிலுள்ள பூலோன் நகரில் பிறந்து, அங்கேயே ஆசிரியராகப் பணியாற்றினார். சம்போலியனுடன் எகிப்து சென்ற ஓவியர் நெஸ்தோர் லோத் இவரது உறவினர். 1842 இல் லோத் இறந்தபின் அவருடைய குறிப்புகளை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு மரியெட்டிடம் வந்தது. இதனால் படவெழுத்துகளைக் கற்கத் தொடங்கிய இவர், 1849 இல் பாரிசிலுள்ள லூவர் அருங்காட்சியகத்தில் சிறிய பணியொன்றைப் பெற்றார்.

சக்காரா அகழாய்வு

1850 இல் கொப்டிக் மொழிக் கையெழுத்துச் சுவடிகளை வாங்குவதற்காக லூவர் இவரை எகிப்துக்கு அனுப்பியது. சுவடிகள் கிடைக்கவில்லை. சக்காராவில் மணலுக்கு வெளியே தெரிந்த ஸ்பிங்க்ஸ் சிலையொன்றின் தலை, பண்டைய கிரேக்க அறிஞர் இசுட்ராபோவின் குறிப்பை இவருக்கு நினைவூட்டியது. சுவடிகளுக்கான பணத்தைக் கொண்டு அகழத் தொடங்கிய மரியெட், 1851 நவம்பரில் ஏப்பிஸ் என்னும் புனிதக் காளைகள் புதைக்கப்பட்ட செராப்பியத்தினுள் நுழைந்தார். இக்காலத்தில் கிடைத்த ஆயிரக்கணக்கான பொருட்கள் லூவருக்குச் சென்றன. புகழ்பெற்ற 'அமர்ந்த எழுத்தர்' சிலையும் அவற்றுள் அடங்கும்.

அருங்காட்சியகம்

அக்காலத்தில் எகிப்தின் தொல்பொருட்கள் வணிகர்களாலும் வெளிநாட்டுத் தூதர்களாலும் பெருமளவில் வெளியே கொண்டுசெல்லப்பட்டன. கெய்ரோவில் எஞ்சியிருந்த அரசுத் தொகுப்பை 1855 இல் ஆட்சியாளர் சயீத் பாஷா ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியனுக்குப் பரிசளித்துவிட்டார். அவரே 1858 இல் மரியெட்டைத் தொல்பொருள் துறைத் தலைவராக நியமித்தார். முன்னர் லூவருக்குப் பொருட்களை அனுப்பியவர், அதன்பின் அவற்றை எகிப்திலேயே காக்க முனைந்தார்.

1859 இல் இவரது பணியாளர்கள் கண்டெடுத்த அரசி அகோதெப்பின் நகைகளை உள்ளூர் ஆளுநர் எடுத்துச்செல்ல, மரியெட் நைல் ஆற்றில் படகை மறித்து அவற்றை மீட்டார். 1863 இல் பூலாக் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 1867 ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் அந்நகைகளைக் கண்ட பிரெஞ்சுப் பேரரசி யூஜினி அவற்றைப் பெற விரும்பினார். ஆட்சியாளர் இஸ்மாயில் பாஷா முடிவை மரியெட்டிடம் விட்டார். தம் நாட்டுப் பேரரசியின் விருப்பத்திற்கு மரியெட் இணங்கவில்லை. நகைகள் எகிப்துக்குத் திரும்பின.

விமர்சனம்

மரியெட் ஒரே காலத்தில் பல இடங்களில் அகழ்ந்ததால் பணிகளை நேரில் மேற்பார்வையிட இயலவில்லை. கண்டுபிடிப்புகளும் முறையாகப் பதிவு செய்யப்படவில்லை. பின்வந்த பிளிண்டர்ஸ் பெட்ரி இவரது முறைகளைக் கடுமையாகக் குறைகூறினார். 1878 இல் நைல் வெள்ளம் அருங்காட்சியகத்தினுள் புகுந்ததில் இவருடைய குறிப்புகள் பலவும் அழிந்தன.

மறைவு

மரியெட் 1881 இல் கெய்ரோவில் காலமானார். காஸ்தோன் மஸ்பெரோ இவருக்குப்பின் பொறுப்பேற்றார். தொகுப்பு பின்னர் கீசாவுக்கும், 1902 இல் கெய்ரோவின் தகிர் சதுக்கத்தில் அமைந்த கட்டடத்திற்கும் மாற்றப்பட்டது. அதன் தோட்டத்தில் கல் பேழையொன்றில் மரியெட்டின் உடல் வைக்கப்பட்டுள்ளது.