அட்டவணையை மாற்றிப் போட்ட டாக்டர்

காய்ச்சல்னு போறோம். டாக்டர் ஒரு சீட்டுல மாத்திரை எழுதித் தர்றார், வாங்கிப் போட்டுக்கிறோம். இந்த நோய்க்கு இந்த மருந்துதான்னு முதல்ல யார் முடிவு பண்ணினாங்கன்னு என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா? பெரும்பாலும் எங்கோ ஒரு நிபுணர் குழு உட்கார்ந்து பரிந்துரை எழுதியிருக்கும். சரி, அந்தக் குழு எதை வச்சு முடிவு பண்ணுது? சீனியர் சொல்றதை வச்சா, டேட்டாவை வச்சா? இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுக்கக் கேட்ட ஒரு மனிதரைப் பற்றித்தான் சொல்லப் போறேன்.

ஆர்ச்சி காக்ரன் 1909-ல் ஸ்காட்லாந்தின் கலாஷீல்ஸ் ஊரில் பிறந்தார். துணி ஆலையால் வசதியான குடும்பம். முதல் உலகப் போரில் அப்பா இறந்தபோது இவருக்கு 8 வயது. கேம்பிரிட்ஜில் படித்து, பிறகு லண்டனில் மருத்துவம் சேர்ந்தார். பாதியில் விட்டுவிட்டு 1936-ல் ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்கு ஆம்புலன்ஸ் குழுவோடு போனார். திரும்பி வந்து படிப்பை முடித்தார். அடுத்த போர் தயாராக நின்றது.

1941-ல் கிரீட் தீவில் ஜெர்மானியர்களிடம் பிடிபட்டார். கிரீஸின் சலோனிகா நகரில் போர்க்கைதி முகாம். ஆயிரக்கணக்கான கைதிகளுக்கு மருத்துவம் பார்க்கும் பொறுப்பு இவர் தலையில். ஒரு நாளைக்குக் கிடைத்த உணவு சுமார் 400, 500 கலோரிதான். கைதிகளுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. இவருக்கும்தான்.

வைட்டமின் குறைபாடாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டார். நிரூபிக்க லேப் கிடையாது. கால் வீங்கிய 20 பேரை இரண்டு அறைகளில் பத்துப் பத்துப் பேராக வைத்தார். ஒரு அறைக்குக் கள்ளச்சந்தையில் வாங்கிய ஈஸ்ட், இன்னொரு அறைக்கு வைட்டமின் சி. நான்காம் நாள் ஈஸ்ட் அறையில் 8 பேருக்குத் தேவலை. மற்ற அறையில் யாருக்கும் மாற்றமில்லை. அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு ஜெர்மானியர்களிடம் போனார். நிறைய ஈஸ்ட் வந்து சேர்ந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. பிற்காலத்தில் இந்தச் சோதனையை அவரே தன் மிக மோசமான சோதனை என்று கிண்டல் செய்தார். ஆட்கள் குறைவு, நாட்கள் குறைவு, நோயைப் பற்றிய அவருடைய ஊகமே தவறாக இருந்திருக்கலாம். தன்னுடைய டேட்டாவையே இப்படிச் சந்தேகப்படும் ஆளை நாம எத்தனை பேர் பார்த்திருக்கோம்?

பிறகு ஜெர்மனியில் காசநோய்க் கைதிகளைப் பார்த்துக்கொண்டார். எந்தச் சிகிச்சை வேண்டுமானாலும் தர அவருக்குச் சுதந்திரம் இருந்தது. எது உதவும், எது கெடுக்கும் என்று சொல்லத்தான் ஆதாரம் இல்லை. தன் கையாலேயே சிலருடைய ஆயுளைக் குறைத்துவிட்டோமோ என்ற பயம் அவரைக் கடைசி வரை விடவில்லை. அவர் பிடிவாதத்துக்கு வேர் இந்தப் பயம்தான்.

அதே காலத்தில் ஒரு சோவியத் கைதி இரவெல்லாம் வலியில் அலறினான். நுரையீரல் உறை அழற்சி என்று நினைத்தார். கொடுக்க மார்ஃபின் இல்லை, பேச மொழியும் தெரியாது. கட்டிலில் உட்கார்ந்து அவனை அணைத்துக்கொண்டார். அலறல் உடனே நின்றது. சில மணி நேரத்தில் அமைதியாக இறந்தான். அலற வைத்தது நோய் இல்லை, தனிமை என்று அப்போதுதான் புரிந்தது. தவறாகக் கணித்ததற்காக வெட்கப்பட்டு, பல வருடம் இதை யாரிடமும் சொல்லவில்லை.

போர் முடிந்ததும் லண்டனில் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்லிடம் படித்தார். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்துச் சிகிச்சையைச் சோதிப்பதை மருத்துவத்தில் நிலைநிறுத்தியவர் ஹில். காக்ரனுக்கு முகாமில் இல்லாத கருவி கையில் கிடைத்த மாதிரி. 1948-ல் வேல்ஸ் போய், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரலை வருடக்கணக்கில் ஆராய்ந்தார்.

இப்போ தலைப்புக்கு வருவோம். மாரடைப்பு வந்தவர்களுக்காக மருத்துவமனைகளில் தனி தீவிரப் பிரிவுகள் வந்துகொண்டிருந்த நேரம். அங்கே வைப்பது உண்மையிலேயே வீட்டில் வைத்துப் பார்ப்பதைவிட நல்லதா என்று பிரிட்டனில் ஒரு சோதனை நடந்தது. சில மாதம் கழித்து முதல் எண்ணிக்கை வந்தது. வீட்டில் இருந்தவர்களில் இறப்பு கொஞ்சம் குறைவு. முடிவு சொல்லப் போதாத சின்ன வித்தியாசம்.

காக்ரன் இரண்டு அட்டவணை தயார் செய்தார். ஒன்றில் உண்மைக் கணக்கு. இன்னொன்றில் மருத்துவமனைதான் மேல் என்று வரும்படி எண்களை மாற்றிப் போட்டிருந்தார். கூட்டத்துக்கு முன் இதய நிபுணர்களிடம் மாற்றிய அட்டவணையை முதலில் காட்டினார். அவர்கள் கொதித்தார்கள். வீட்டில் வைப்பது அநியாயம், சோதனையை உடனே நிறுத்து என்றார்கள். பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, மன்னிப்புக் கேட்டு உண்மை அட்டவணையைக் கொடுத்தார். அப்படியானால் தீவிரப் பிரிவுகளை உடனே மூடச் சொல்லுங்கள் என்றார். அறையில் சத்தமே இல்லை. எல்லோரும் நல்ல மருத்துவர்கள்தான். ஆனால் அதே எண்கள் தங்களுக்குச் சாதகமாக இருந்தால் ஆதாரம், பாதகமாக இருந்தால் போதாது.

1972-ல் இதையெல்லாம் ஒரு சின்னப் புத்தகமாக எழுதினார். 1979-ல் இன்னொரு குற்றச்சாட்டு வைத்தார்: நடந்த சோதனைகளையெல்லாம் துறைவாரியாகத் தொகுத்து, அலசி, அவ்வப்போது புதுப்பிக்கும் வேலையை மருத்துவ உலகம் செய்யவே இல்லை.

அதன் விலை என்ன தெரியுமா? குறைமாதப் பிரசவம் ஆகப்போகும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தை பிழைக்கும் வாய்ப்பு கூடும் என்று நியூசிலாந்துச் சோதனை ஒன்று 1972-லேயே காட்டியது. அடுத்தடுத்த சோதனைகள் சிதறிக் கிடந்தன. அமெரிக்காவில் ஒரு நிபுணர் குழு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துப் பரவலாகப் பரிந்துரைத்தது 1994-ல். நடுவில் 22 வருடம். எத்தனை குழந்தைகள்!

காக்ரன் 1988-ல் இறந்தார். அவருடைய குற்றச்சாட்டைக் கேட்டு வேலையில் இறங்கிய இயன் சால்மர்ஸ் 1992-ல் ஆக்ஸ்ஃபோர்டில் காக்ரன் மையத்தைத் தொடங்கினார். மறு வருடம் அது உலகளாவிய அமைப்பானது. அந்த ஸ்டீராய்டு சோதனைகளின் வரைபடம்தான் அதன் லோகோவில் இருக்கு. இன்னைக்கு ஒழுங்காக நடக்கும் நிபுணர் குழு முதலில் கேள்வியை எழுதும், எல்லாச் சோதனைகளையும் திரட்டும், ஆதாரம் எவ்வளவு உறுதியானது என்று மதிப்பிடும், பிறகுதான் பரிந்துரைக்கும். ஆதாரம் பலவீனமாக இருந்தால் அதையும் சேர்த்தே எழுதும்.

நாமளும் ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு ரிசல்ட் டேபிள் போடுறோம். நம்ம மாடல் ஜெயிச்சா சந்தோஷமா ஸ்லைடுல ஏத்துறோம், தோத்தா டேட்டா சரியில்லைன்னு சொல்றோம். அடுத்த தடவை ஸ்லைடு போடறதுக்கு முன்னாடி, இரண்டு காலத்தையும் மனசுக்குள்ள மாத்திப் போட்டுப் பாருங்க. அப்பவும் அதே முடிவைச் சொல்வீங்கன்னா, தைரியமா ரிவ்யூவுக்குப் போங்க.