கம்பெனிக்கே ஒரு ராணுவம்! உள்ளே இருந்து எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை

ஈ.சி.ஆர்-ல பாண்டிச்சேரிக்கு வீக் எண்ட் ட்ரிப் போயிருக்கீங்களா? மரக்காணம் உப்பளங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னாடி, கடப்பாக்கத்தில் இடிந்து நிற்கிறது ஆலம்பரைக் கோட்டை. இன்னிக்கு அது செல்ஃபி ஸ்பாட். 1750-ல் அது பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. வியாபாரம் செய்ய வந்த அந்தக் கம்பெனிக்குச் சொந்தமாகப் படை, கோர்ட், ஜெயில் எல்லாமே இருந்தன!

அதை உள்ளேயிருந்து பார்த்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-ல் சென்னை பெரம்பூரில் பிறந்து, சின்ன வயசிலேயே பாண்டிச்சேரிக்கு வந்தவர். அவருக்கு மாமா முறையான நயினியப்பப் பிள்ளை, கம்பெனியின் தலைமைத் தரகர். 1716-ல் கம்பெனியே அவரைக் கைதுசெய்து, விசாரித்து, சாட்டையடி கொடுத்துச் சிறையில் தள்ளியது. 1717-ல் சிறையிலேயே இறந்துபோனார். பிரான்ஸ் வரை அப்பீல் போய் அந்தத் தீர்ப்பு ரத்தானபோது, அவர் உயிரோடு இல்லை.

அதே கம்பெனியில்தான் பிள்ளையும் வளர்ந்தார். 1736-ல் டைரி எழுத ஆரம்பித்தார். 1747-ல் கவர்னர் டூப்ளேயின் துபாஷி ஆனார். அடுத்த வருஷம் ஆங்கிலேயர் முற்றுகையிட்ட நேரத்தில், கம்பெனி வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்தது. பிள்ளையால் தடுக்க முடியவில்லை. வேலையையும் விடவில்லை. ஆனால், நடந்ததை எழுதிவைத்தார். அவரை ஹீரோவாக்க வேண்டாம், கம்பெனியால் சம்பாதித்தவர்தான். ஆனாலும், அவர் எழுதாமல் விட்டிருந்தால் நம்ம ஊர்க்காரர் ஒருவரின் சாட்சியம் நமக்குக் கிடைத்திருக்காது.

1756-ல் பதவி போனது. 1760-ல் ஆலம்பரையைப் பிடித்த ஆங்கிலேயர், பாண்டிச்சேரியையும் வளைத்தார்கள். உணவு தீர்ந்ததும், பிரெஞ்சுத் தளபதி லாலி உள்ளூர் மக்களை வெளியே துரத்தினார். ஆங்கிலப் படையும் முதலில் வழிவிடவில்லை. இரண்டு படைகளுக்கும் நடுவில் பசியோடு மாட்டிக்கொண்டவர்கள் சாதாரண ஜனங்கள். 1761 ஜனவரியில் பிள்ளை இறந்தார். சில நாள்களில் நகரமும் சரணடைந்தது.

பழைய கதைன்னு நினைக்கிறீங்களா? லாபம் பார்க்கிற இடத்தில் மனித உரிமையை மதிப்பது கம்பெனிகளின் பொறுப்பு என்ற வழிகாட்டு நெறிகளை ஐ.நா ஏற்றது 2011-ல்தான். சிரியா போரின்போது ஐ.எஸ் அமைப்புக்குப் பணம் கொடுத்த வழக்கில், பிரெஞ்சு சிமென்ட் கம்பெனி லஃபார்ஜ் 2022-ல் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, சுமார் 78 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது.

கலவர பூமியில் ஒரு கம்பெனி கேட் போட்டு காவல் வைத்தால், நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்தக் காவல் யாருக்கு? கேட்டுக்கு வெளியே நிற்கிறவங்களுக்கு என்ன ஆகுது?