காகிதச் சுருளில் கேட்ட இருதய ஓசை

டாக்டர் என்றதும் கழுத்தில் தொங்கும் குழாய்தான் நினைவுக்கு வரும். ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியிலும் அதைக் காணலாம்; அமெரிக்காவிலும் காணலாம். அந்த 'ஸ்டெதஸ்கோப்'பைக் கண்டுபிடித்தவர் லேனெக்.

தாயில்லாப் பிள்ளை

பிரான்ஸ் நாட்டில் 1781-ம் ஆண்டு பிறந்தவர் அவர். சிறு வயதிலேயே தாயை இழந்தார். தந்தையின் சகோதரர் ஒரு டாக்டர். அவர்தான் லேனெக்கை வளர்த்தார். லேனெக்கும் டாக்டரானார். புல்லாங்குழல் வாசிப்பதிலும் அவருக்கு ஆசை உண்டு.

இளம்பெண் வந்தாள்

1816-ம் ஆண்டு. பாரிஸ் நகரில் நெக்கர் ஆஸ்பத்திரி. இருதய நோயுடன் ஓர் இளம்பெண் வந்தாள். அப்போதெல்லாம் நோயாளியின் மார்பில் காதை வைத்தே கேட்பார்கள். வந்தவளோ வயதுப் பெண். லேனெக் தயங்கினார்.

மரத்தின் ஒரு முனையில் கீறினால் மறுமுனையில் காதுக்கு நன்றாகக் கேட்கும். சிறுவர்களின் இந்த விளையாட்டு அவர் நினைவுக்கு வந்தது. காகிதத்தை இறுகச் சுருட்டினார். ஒரு முனையை மார்பிலும் மறுமுனையைக் காதிலும் வைத்தார். என்ன ஆச்சரியம்! இருதயத் துடிப்பு முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. பிறகு மரத்திலேயே குழாய் கடைந்தார். 1819-ல் புத்தகமும் வெளியிட்டார். ஈரல் இறுகிப்போகும் நோய்க்கு 'சிர்ரோசிஸ்' என்று பெயர் வைத்ததும் அதே புத்தகத்தில்தான்.

இருதயம் கெட்டால் ஈரலும் கெடும்

ஈரலைக் கெடுப்பது குடி மட்டுமல்ல. பலவீனமான இருதயமும் கெடுக்கும். இருதயம் தளர்ந்து பெருத்தால் அதன் வால்வுகள் சரியாக மூடுவதில்லை. மதகுப் பலகை பொருந்தாவிட்டால் தண்ணீர் கசியும் அல்லவா? அப்படியே ரத்தமும் பின்னால் கசிகிறது. வலது பக்க வால்வு கசிந்தால் ரத்தம் ஈரலில் தேங்கும். ஈரல் வீங்கும். வயிற்றில் நீர் கோக்கும். கால் வீங்கும். சிலருக்குக் கண்ணும் மஞ்சளாகும்.

அதை வெறும் காமாலை என்று எண்ணிக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக் காத்திருந்தால் ஆபத்து. மூச்சு வாங்குவதும் கால் வீக்கமும் சேர்ந்திருந்தால் உடனே இருதயத்தைப் பரிசோதிக்க வேண்டும். வால்வு கசிந்தால் பெரும்பாலும் 'உஸ்' என்ற ஓசை குழாயில் கேட்கும். இன்று 'எக்கோ' படம் அதை உறுதி செய்துவிடும்.

கடைசி நாள்

ஆயிரம் மார்புகளைக் கேட்டவரின் மார்பிலேயே காசநோய் புகுந்தது. அவர் செய்த குழாயை அவர் மார்பிலேயே வைத்து, டாக்டரான உறவினர் கேட்டார். நோய் முற்றியிருந்தது. 1826-ல், 45-ம் வயதில் லேனெக் இறந்தார்.

தம் குழாயை அந்த உறவினருக்கே எழுதி வைத்திருந்தார்.